நான்காவது நகர்த்தல்

கொடுங்கையூரில் காற்று திசைமாறினால் குப்பைமேட்டின் நெடி வீட்டுக்குள் வந்துவிடும். 2013 நவம்பர் 21 அன்றும் ஜன்னல்களை அடைத்துவிட்டுத்தான் நானும் அப்பாவும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தோம். இதே சென்னையில், ஒரு நட்சத்திர விடுதியில், ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கான ஒன்பதாவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்ல்சன் 5-3 என முன்னிலையில் இருந்தார். எஞ்சியவை நான்கே ஆட்டங்கள்.

அப்பா மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். எனக்குச் சதுரங்கம் கற்றுத் தந்தவரும் அவரே. ராஜாவைப் பத்திரப்படுத்து, காய்களை வெட்டிக் குறை, சமனில் முடி: இதுதான் அவருடைய ஆட்டம். பதவி உயர்வோடு வந்த வெளியூர் மாற்றலை அவர் ஒருமுறை மறுத்துவிட்டதாக அம்மா சொல்வாள். அப்பா அதைப் பற்றிப் பேசியதேயில்லை.

கார்ல்சன் நிம்சோ இந்தியத் தற்காப்பை ஆடினார். நான்காவது நகர்த்தலில் ஆனந்த், ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மையத்தைப் பிடிக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் பலவீனப்படும். அமைதியான சமனுக்கு அதில் அதிக இடமில்லை. எட்டாவது நகர்த்தலில் கார்ல்சன் தன் சிப்பாயை முன்தள்ளி ராணியின் பக்கத்தை அடைத்ததும் ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. ஆனந்தின் படை கறுப்பு ராஜாவை நோக்கிச் சென்றது. கறுப்புச் சிப்பாய் ஒன்று மறுகோடியில் ராணியாவதற்கு ஓடியது. 27ஆவது நகர்த்தலில் அது ராணியாகி முற்றுகை வைத்தது. மந்திரியைக் குறுக்கே வைத்திருந்தால் ஆட்டம் நீண்டிருக்கும். ஆனந்த் குதிரையை வைத்தார். அடுத்த நகர்த்தலில் புதிய ராணி தாக்குதலின் வழியை மறித்துவிட, தோல்வியை ஒப்புக்கொண்டார்.

“மந்திரியை வெச்சிருக்கக் கூடாதா?” என்று நான் கத்தினேன்.

அப்பா பதில் சொல்லாமல் பழைய பலகையை எடுத்துவந்து, நான்காவது நகர்த்தல்வரை காய்களை வைத்தார்.

“இங்கயே முடிவு பண்ணிட்டாருடா. தோத்தாலும் பரவாயில்லைன்னு ஒத்துக்கிட்டாத்தான் இதை ஆட முடியும்.” சற்று நேரம் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு அது வரல.”

மறுநாள் பத்தாவது ஆட்டம் சமனில் முடிந்து, பட்டம் 6.5-3.5 என்ற கணக்கில் கார்ல்சனுக்குப் போனது. ஆனந்தின் தவறு பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. நான் நினைத்துக்கொள்வது அந்த நான்காவது நகர்த்தலைத்தான். அன்றிரவு அந்த நிலையிலிருந்து ஆடலாம் என்று அப்பா அழைத்தார். வெள்ளையை அவரே எடுத்துக்கொண்டார். விரைவில் தோற்றார். சமன் கேட்கவில்லை.