ஒட்டுப் பிடிக்கும் காலம்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி அங்கே கூலிக்குச் செல்வோர் தேனி மாவட்டத்தில் பலர். மழை ஊறிய சரிவில் பாதம் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்பிவிட்டால், முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோகக்கூடும்.

அறுந்ததற்கு மாற்றாகத் தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து, எலும்பில் இட்ட துளைக்குள் செலுத்தித் திருகாணி முதலியவற்றால் பொருத்துவது இன்றைய அறுவைமுறைகளுள் ஒன்று. பொருத்துதல் அன்றே முடிந்துவிடும். ஒட்டுதல் அன்றுதான் தொடங்கும். 1993இல் ஸ்காட் ரோடியோவும் உடனாய்வாளரும் நாய்களிடம் இதை அளந்து பார்த்தனர். எட்டாம் வாரம் வரை, இழுத்த தசைநாண் துளையிலிருந்தே உருவி வந்தது. 12ஆம் வாரத்தில் அவ்வாறு வரவில்லை. அதற்குள் கொல்லாஜன் இழைகள் எலும்பையும் தசைநாணையும் பிணைத்திருந்தன.

ஆயினும் அது இயற்கையின் இணைப்பன்று. இயற்கையில் தசைநாண், நார்க்குருத்தெலும்பு, சுண்ணமேறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு என மென்மை படிப்படியாக வன்மையாகிறது. அறுவைக்குப்பின் அவ்விடத்தைப் பெரும்பாலும் வடுத்திசுவே நிரப்புகிறது. கொல்லாஜன் மூவிழை முறுக்கிய கயிறு போன்றது என 1954–55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுரைத்தனர். கயிற்றின் அமைப்பு அன்றே புலப்பட்டது. அதை எலும்போடு பிணைக்கும் இயற்கையின் முறை இன்னும் கைவரவில்லை.

எலும்பு உருவாக்கும் புரதங்கள், ஸ்டெம் செல்கள், தட்டணு மிகுந்த பிளாஸ்மா, எலும்புறையால் தசைநாணைப் போர்த்துதல் எனப் பல உயிரியல் வழிகள் முயலப்படுகின்றன. விலங்குகளிடம் நற்பயன் தெரிகிறது. மனிதரிடம் முடிவுகள் ஒருசீராக இல்லை. மனிதரின் ஒட்டை இழுத்துச் சோதிக்கவும் இயலாது, எம்.ஆர்.ஐ. படத்தையும் மூட்டின் உறுதியையும் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மா ஒட்டுக்கட்டுவோர், ஒட்டுப் பிடிக்குமுன் கட்டை அவிழ்ப்பதில்லை. நாட்கூலியில் வாழ்பவருக்கு அந்தப் பொறுமை எளிதன்று; வேலையற்ற ஒவ்வொரு வாரமும் கடனாகிறது. வலி தணிந்ததும் அவர் மீண்டும் சரிவில் கால் வைப்பார். வலி தணிவதோ ஒட்டுப் பிடித்ததற்குச் சான்றன்று. ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் குறைந்தாலும் அது பெரிது. ஆனால் அம்மருந்தின் விலை அவருக்கு எட்டாதாயின், குறைந்த அந்த வாரம் விளையாட்டு வீரருக்குரியதாகுமே அன்றி, ஏலக்காட்டுத் தொழிலாளிக்கு உரியதாகாது.