கொழுந்தும் எண்ணெயும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த சில நாள்களின் பின், ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார்: "இஸ்லாம் ஆட்சியைப் பிடிக்கவே பிறந்த மதம், அவர்களுடைய புரட்சியும் அதற்காகத்தான்." நாம் வாய் திறக்கவில்லை. மாணவர்க்கு அறநூல் கற்பிக்கும் நாம் அன்று மௌனம் காத்தமை இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

மறுமொழி நமது காலடியிலேயே கிடந்தது. மலையகத் தொழிலாளரின் பெருந்தலைவர்களுள் ஒருவரான அப்துல் அஸீஸ், குஜராத்தின் போர்பந்தரிலே பிறந்த முஸ்லிம். தொண்டமானோடு ஒரே சங்கத்தில் உழைத்துப் பின்னர் பிரிந்து, ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தியவர். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்த கைகளே அவர் சங்கத்துக்குச் சந்தாவும் கொடுத்தன. 1956இல் இதே டயகமத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தவர் ஏப்ரகாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி. முஸ்லிம் தலைவர், தமிழ்த் தொழிலாளர், சிங்களத் தியாகி: எந்த மதத்தின் புரட்சி இது?

எனினும், மதமும் ஆட்சியும் கைகோத்தால் விளைவதை நாம் மறைக்கலாகாது. 1978இல் ஈரானிய எண்ணெய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தம் ஷாவின் அரசை முடக்கியது. 1979 ஜனவரியில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். ஆலைகளிலே தொழிலாளர் மன்றங்கள் எழுந்தன. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷூரா'. கலந்தாலோசனையைக் குறிக்கும் குர்ஆன் சொல். ஆட்சியேறிய மதத் தலைவர்கள் அம்மன்றங்களை ஒடுக்கி, தமக்கு இணங்கிய இஸ்லாமிய மன்றங்களை அவ்விடத்தில் அமர்த்தினர். 1983இல் இடதுசாரித் தூதே கட்சியும் தடைசெய்யப்பட்டது. தொழிலாளியின் வாயில் உரிமையாக ஒலித்த அதே சொல், அதிகாரத்தின் கையில் கடிவாளமாயிற்று.

இக்கடிவாளம் இஸ்லாத்துக்கு மட்டும் உரியதன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியபோது அதற்கு எந்த வேதமும் தேவைப்படவில்லை. 1972இன் அரசியல் யாப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கியது; பௌத்த உழவனின் வறுமை அதனால் தீர்ந்ததா? ஆளுவோர் தமக்கு வாய்ப்பான மதத்தை எடுத்துக்கொள்வர். ஆகவே, 'எந்த மதம்?' என்பதினும் 'யாருடைய கையில்?' என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாலே தீர்க்க, 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. கொழுந்து பறிப்பவளையும் எண்ணெய் எடுப்பவனையும் அந்த உடன்பாடு வியாபாரத்தில் இணைத்தது. அவர்களைக் கலந்தாலோசித்தவர் எவருமில்லை.

இனி அவ்வறையில் அப்பேச்சு எழுமாயின் நாம் மௌனமாக இருக்கப்போவதில்லை. அஸீஸின் பெயரையும் ஏப்ரகாம் சிங்கோவின் பெயரையும் உரக்கவே சொல்வோம்.