அரக்கு ஏறிய சொப்பு

எங்கள் குளத்தூர்க் காற்றில் ஜப்பான்காரர்களின் அரக்கு வேலை நடக்காது. தேயிலைத் தூள் வைக்க அவர்கள் செய்யும் ‘நாட்சுமே’ என்ற மரச்சிமிழுக்குப் பூசுவது உருஷி மரத்தின் பால். அது இறுகுவதற்கே ஈரக்காற்று வேண்டும். ஒரு பூச்சு இறுகியதும் தேய்த்து மறுபூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று மாதக்கணக்கில் போகும். ஈரப் பூச்சின்மேல் பொன்தூளைத் தூவிச் சித்திரம் எழுதுவதற்கு ‘மாக்கி-ஏ’ என்று பெயர். கரிசல் வெடித்துக் கிடக்கும் சித்திரை மாதத்தில் அந்தப் பால் இங்கே பிசுபிசுத்தபடியேதான் கிடக்கும்.

நம் அரக்கு பூச்சி தருவது. அதற்குச் சூடு போதும். அந்த வேலையைப் பார்க்கத்தான் திருநெல்வேலியில் பஸ் மாறி, சேரன்மாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போனேன். சொப்புச் சாமானுக்குப் பேர்போன ஊர்.

கடைசல் பட்டறை என்பது ஒரு மோட்டார், சில உளிகள், முழங்கால் வரை மரச்சீவல், அவ்வளவுதான். சுழலும் கட்டையில் பட்டறைக்கார அண்ணாச்சி உளியை வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டிக் குடம். உப்புத்தாள் போட்டுவிட்டு, சிவப்பு அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினார். அடுப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது.

“சூட்ட நாம குடுக்க வேண்டாம் சார், கட்டையே குடுத்துக்கிடும்.”

பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினார். திட்டுத் திட்டாக நின்ற நிறம் ஒரே சீராகப் பரவி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. எத்தனை மெஷின் வந்தாலும் அந்த மடலை எவ்வளவு அழுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். முன்பு மஞ்சள் கடம்பில்தான் கடைந்தார்களாம். இப்போது கிடைத்த மரத்தில் ஓடுகிறது.

போனில் நாட்சுமே படத்தைக் காட்டினேன். பொன் சித்திரத்தை அவர் சட்டை செய்யவில்லை. “மூடி எப்படி உக்காருது?” என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு குங்குமச் சிமிழைக் கடைந்து மூடியைப் போட்டுக் காட்டினார். திறக்கும்போது மெல்லப் பிடித்து விட்டது. அந்த நாட்சுமேயின் வடிவம் இலந்தைப் பழத்துக்கு உறவான ஒரு பழத்தை ஒத்தது. வடக்கே அரக்குப் பூச்சியை வளர்க்கும் மரங்களில் நம் இலந்தையும் ஒன்று. கோவில்பட்டிப் பக்கம் நாமோ அதை வேலிக்கு முள்ளாகத்தான் வெட்டுகிறோம்.

ஜப்பானில் சில சிமிழ்களில் செய்தவர் கையெழுத்தே இருக்கும். தலைமுறை தாண்டியும் பத்திரப்படுத்துவார்கள். இங்கே அம்மி, உரல், திருகை, அடுப்பு எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும், பெயரில்லாமல். கைத்திறனில் பெரிய குறைவு எதையும் நான் காணவில்லை. தேநீர் விருந்துக்கு என்றால் கலை. பிள்ளை விளையாட என்றால் சாமான். விலையைத் தீர்மானிப்பது இந்தக் கணக்குதான், எனக்கு இதில் உடன்பாடில்லை. போதாததற்குப் பிளாஸ்டிக் சொப்பு மலிவாகக் கிடைக்கிறது.

அடுத்த முறை பிள்ளைக்கு மரச்சொப்பு வாங்கும்போது, பூசியிருப்பது அரக்கா பெயின்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அரக்கு என்றால் பேரம் பேசாதீர்கள். வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள், சூட்டில் இளகும்.