பிரேக்கும் காற்றும் பின்னே ஒரு ரப்பர் வளையமும்

பெங்களூரில் கார் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பொங்கல், தீபாவளி என்றால் விடிகாலை நாலு மணிக்கே மூட்டை முடிச்சோடு கிளம்பி, ஓசூர் ரோடைப் பிடித்து, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி, டிபன் நேரத்துக்குச் சேலம். நடுவில் தொப்பூர் கணவாய். இங்கிருந்து போகும்போது அது இறக்கம். 2024 ஜனவரியில் அங்கே இரட்டைப் பாலத்தில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து, முன்னால் போன வண்டிகளில் மோதி உயிர்கள் போனது பலருக்கும் நினைவிருக்கும். அந்த இறக்கத்தில் பின் சீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு போகிறவனுக்கு, பிரேக் பெடல் லேசாக இறுகினாலே வயிற்றில் புளி கரையும்.

எங்கள் காருக்குப் பதினாலு வயசு. பெட்ரோல் வண்டி. (கம்பெனி பெயர் வேண்டாம். ரப்பர் எல்லா வண்டியிலும்தான் காயும்.) பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தது. சில்க் போர்டு நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் மூணாவது மிதியில் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். வண்டி நிற்கும், ஆனால் முழு பலத்தையும் காலில் இறக்க வேண்டும். கூடவே ஐட்லிங்கில் எஞ்சின் தடுமாறும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பூஸ்டர் போயிடுச்சு சார், மாத்தணும். எஞ்சினும் வீக்கா இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார்கள். பூஸ்டர் மட்டும் ஒன்பதாயிரம், லேபர் தனி.

எனக்கு அந்த 'எஞ்சினும் வீக்' என்பதுதான் உறுத்தியது. ரெண்டு வியாதி ஒரே நாளில் வருமா என்ன?

பூஸ்டர் என்பது பிரேக் பெடலுக்கு நேர் முன்னால், எஞ்சின் பக்கத்தில் கறுப்பாக, பெரிய தோசைக்கல் ரெண்டைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி இருக்குமே, அது. உள்ளே நடுவில் ஒரு ரப்பர் திரை. பெட்ரோல் எஞ்சின் மூச்சு இழுக்கும்போது, அதே இழுப்பு ஒரு ஹோஸ் வழியாக இந்த டப்பாவிலிருந்தும் காற்றை உறிஞ்சிவிடும். நாம் பெடலை மிதித்ததும் ஒரு வால்வு திறந்து, திரைக்கு நம் பக்கம் மட்டும் வெளிக்காற்றை விடும். ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ஏறக்குறைய வெற்றிடம். திரை முன்னால் தள்ளப்படும், அதோடு மாஸ்டர் சிலிண்டரின் கம்பியும். ஒன்பது அங்குல விட்டம் உள்ள பூஸ்டரில் இந்தத் தள்ளு 200 கிலோவுக்கு மேல் போகும். ஆக, பிரேக் போடுவதில் நம் கால் சிபாரிசுக் கடிதம் மட்டும்தான் தருகிறது, வேலையைச் செய்வது வெளியில் சும்மா கிடக்கும் காற்று. இதற்கு 1920-களிலேயே பேட்டன்ட் வாங்கியவர் தெவாந்த்ர் என்ற பெல்ஜியம்காரர்.

ஹோஸுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஒரு செக் வால்வு உண்டு. காற்றை எஞ்சின் பக்கம் போக விடும், திரும்பி வர விடாது. அதனால் எஞ்சின் அணைந்தாலும் ரெண்டு மூணு மிதிக்கு உள்ளே ரிசர்வ் இருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் சி.ஆர்.ஆர். மாதிரி. அதை எடுத்துச் செலவு பண்ணக் கூடாது! பெட்ரோல் மிச்சம் என்று கணவாய் இறக்கத்தில் எஞ்சினை ஆஃப் செய்து உருட்டிக்கொண்டு போகும் புண்ணியவான்கள் இந்த ரெண்டு மூணு மிதியை நம்பித்தான் போகிறார்கள். நாலாவது மிதிக்குப் பூஸ்டர் உதவாது.

சரி, கதைக்கு வருவோம். அல்சூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், குடியாத்தம் பக்கம். அவரிடம் போனேன். அந்த ஒர்க்‌ஷாப் சீட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தரம் மிதித்து இறுக வைத்தார். கால் அழுத்தியபடியே சாவியைத் திருப்பினார். பெடல் லேசாகக் கீழே இறங்கியது. "இழுப்பு வருது சார்." அப்புறம் கொஞ்ச நேரம் ஓட விட்டு, பெடலை மிதித்தபடியே எஞ்சினை அணைத்து முப்பது எண்ணினார். நல்ல பூஸ்டரில் பெடல் அசையக் கூடாதாம். எங்கள் பெடல் காலை மெல்ல மேலே தள்ளியது.

"அப்ப பூஸ்டர்தானேண்ணே?"

"அது எப்படி சார் சொல்றது? வீட்ல தண்ணி நிக்கலைன்னா டேங்க் ஓட்டையா, பைப் ஓட்டையான்னு பாக்க வேணாமா?"

பேங்கில் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் நாங்களும் இதைத்தான் செய்வோம். கவுண்டர் கவுண்டராகப் பிரித்துப் பார்ப்போம். அவரும் பிரித்தார். எஞ்சினை ஓடவிட்டு, வேக்குவம் கேஜை மாட்டினார். 13 அங்குலம். ஹோஸைச் செக் வால்விலிருந்து உருவி, வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று சமாதானம் ஆனது, கேஜ் 17. ஆக ஹோஸிலும் எஞ்சினிலும் ஓட்டை இல்லை, கசிவு அதற்கு அப்பால்.

"புஸ்தகத்துல 18-லிருந்து 22-ன்னு போட்டிருக்குமே?" என்றேன் (இன்டர்நெட் உபயம்). ஒர்க்‌ஷாப்காரர்கள் 'வீக்' என்றதும் அதை வைத்துத்தான் இருக்கும். அண்ணன் சிரித்தார். "அது மெட்ராஸ் கணக்கு சார். இங்க மூணு கழிச்சுக்கணும்."

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தப் பதிலின் அழகு புரிந்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் பாதரசம் இறங்கும். மொத்தக் காற்றே சென்னையில் 30 அங்குலம் என்றால் இங்கே 27-தான், பிறகு எஞ்சின் எங்கிருந்து 22 காட்டும்? 1648-ல் பிரான்சில் பாஸ்கல் சொல்லி, அவர் அக்கா வீட்டுக்காரர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஒரு மலை ஏறினார். உச்சியில் மூணு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அவர் ஏறிய உயரமும் நம்ம ஊர் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. பாஸ்கலுக்கு மச்சான் தேவைப்பட்டார், அண்ணனுக்கு ஒரு கேஜும் இருபது வருஷ அனுபவமும் போதுமாக இருந்திருக்கிறது.

கசிவு எங்கே? டயர் பஞ்சர் மாதிரி சோப்புத் தண்ணி போட்டால் இங்கே குமிழி வராது. காற்று வெளியே வரவில்லையே, உள்ளே அல்லவா போகிறது! கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், வேண்டாம். அண்ணன் செய்தது டாக்டர் வேலை. ஹோஸைத் திரும்ப மாட்டிவிட்டு, அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனார். முதலில் காருக்குள், பெடல் அடியில். அங்கே விடாமல் 'ஸ்ஸ்' கேட்டால் திரையோ உள் வால்வோ கிழிந்திருக்கிறது என்று அர்த்தமாம். மிதிக்கும் நொடியில் மட்டும் வருகிற சத்தம் சகஜம். அங்கே அமைதி. செக் வால்வு பூஸ்டருக்குள் நுழையும் இடத்துக்கு வந்ததும் புருவம் உயர்ந்தது. குழாயை என் காதில் வைத்து, வால்வை விரலால் லேசாக ஆட்டினார். சீறல் கூடிக் குறைந்தது.

வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். ஒரு பக்கம் போனது, மறு பக்கம் போகவில்லை, நல்ல வால்வு. அது உட்காரும் ரப்பர் வளையம்தான் காய்ந்து, வறுத்த அப்பளம் மாதிரி விரிசல் விட்டிருந்தது.

பழைய வளையத்தைக் கையில் கொடுத்து ஜே.சி. ரோடுக்கு அனுப்பினார், அளவு காட்ட. அந்த ரோடில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். வளையம் அறுபது ரூபாய். முதல் கடையில் 'கிட்டத்தட்ட' அளவில் ஒன்றை எடுத்துப் போட்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார்கள். பிரேக்கில் என்னத்தை அட்ஜஸ்ட் பண்ணுவது? நாலாவது கடையில் சரியானது கிடைத்தது. ஹோஸும் வயசானது என்பதால் புதுசு வாங்கினேன். கேட்டு வாங்க வேண்டியது வேக்குவம் ஹோஸ். சாதாரண பெட்ரோல் ட்யூப் இழுப்பில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் கேஜ் 17-ல் அசையாமல் நின்றது. எஞ்சினை அணைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிதித்தேன். முதல் ரெண்டு மிதி மெத்தென்று, மூணாவதில் இறுகத் தொடங்கியது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு: உங்கள் எஞ்சினில் இந்த இழுப்பு இயற்கையாகக் கிடையாது, அதற்கென்று தனி வேக்குவம் பம்ப் இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். பெடல் இறுகினால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அண்ணன் கிளம்பும்போது சொன்னது. பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வெளியே எங்கும் ஒழுகல் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் தேய்ந்து ஆயில் பூஸ்டருக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்த ஆயிலில் ஊறின திரை ரொம்ப நாள் தாங்காது. அப்போது மட்டும் அந்த ஒன்பதாயிரத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.