அண்ணனின் ரிப்போர்ட்டும் நான் பாதி நடத்திய பாடமும்



போன வாரம் அண்ணனின் முதலாம் ஆண்டுத் திதி முடிந்தது. வந்தவர்களில் சிலர், "ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நீதானே சொன்னாய், பிறகு எப்படி?" என்று கேட்டார்கள். அங்கே வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கணையத்தில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் சிஏ 19-9 என்ற பரிசோதனை எடுத்தோம். 37-க்குள் இருந்தால் நார்மல். அண்ணனுக்கு 2-க்கும் குறைவு. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் போன் போட்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். அண்ணி சாமிக்கு விளக்கேற்றினார்கள்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "சிலர் உடம்பில் இந்தச் சர்க்கரையே உண்டாகாதும்மா. அவர்களுக்கு இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது." அடுத்த வாரம் பயாப்ஸி, புற்றுநோய் என்றே சொல்லிவிட்டது.

என்னிடம் படித்தவர்களுக்கு ரத்த வகைப் பாடம் நினைவிருக்கும். கண்டுபிடித்தவர் லாண்ட்ஸ்டெய்னர், 1930-ல் நோபல் பரிசு. நம் செல்களின் மேல் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகத் தொங்குகின்றன. அதன் நுனியில் ஒரு நொதி எந்தச் சர்க்கரையை ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்து ஏ அல்லது பி. அந்த நொதி வேலை செய்யாவிட்டால் ஓ. இதோடு பாடத்தை முடித்துவிடுவேன்.

மீதிப் பாதியை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். செல் புற்றாக மாறும்போது இந்த நொதிகளின் வேலையும் மாறுகிறது. ஒரு நொதி சியாலிக் அமிலத்தையும் இன்னொன்று ஃபியூகோஸ் என்ற சர்க்கரையையும் ஒட்ட, உண்டாகும் அமைப்பைத்தான் சிஏ 19-9 அளக்கிறது. காயம்பட்ட இடத்துக்குப் போகும் வெள்ளையணுக்கள் இதைப் போன்ற சர்க்கரையால்தான் ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்கின்றன. புற்றுச் செல்லும் அதே பிடியைப் பிடித்து வேறு உறுப்புக்குப் போக முடியும். எண் மிக அதிகமாக இருந்தால் டாக்டர்கள் கவலைப்படுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறங்கினால் நல்ல அறிகுறி, மீண்டும் ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம்.

ஆனால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்த ஃபியூகோஸ் ஒட்டும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாது. லூயிஸ் என்ற இன்னொரு ரத்த வகையைத் தீர்மானிப்பதும் அதே நொதிதான். அண்ணன் அந்தச் சிலரில் ஒருவர். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத பையனுக்கு ஆப்சென்ட் விழாது. அதனால் அவன் வகுப்பில் இருக்கிறான் என்று ஆகிவிடுமா? நான் அப்படித்தான் படித்தேன்.

எண் கூடினாலும் அதுவே தீர்ப்பு அல்ல. பித்தநாளம் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலும், கணையம் வீங்கினாலும் கூடும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் முழு உடல் பரிசோதனையோடு சேர்த்து இதை எடுத்துவிட்டு நிம்மதியோ பயமோ கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சர்க்கரையைச் செல் தானே கட்டிக்கொள்கிறது. காபியில் போடும் சர்க்கரையை நிறுத்தினால் இது நிற்காது. கடைசி மாதத்தில் அண்ணன் ஒரு வாய் இனிப்புக் காபி கேட்டார். டாக்டர் தடுக்கவில்லை, நாங்கள்தான் கொடுக்கவில்லை. அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் கூகுளிடமோ என்னைப் போன்ற டீச்சரிடமோ கேட்காதீர்கள். "இவருக்கு இந்தப் பரிசோதனை பொருந்துமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் விலங்கியல் டீச்சர்