ஹோஸ்ட்ஸ் கோப்பின் பூர்வீகம்

விண்டோஸ் கணினியில் சிஸ்டம்32 கோப்புறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று இறங்கிப் போனால் ‘ஹோஸ்ட்ஸ்’ என்றொரு கோப்பு கிடக்கும். நோட்பேடிலேயே திறக்கலாம். இடப்பக்கம் ஓர் எண் முகவரி, கொஞ்சம் இடைவெளி, வலப்பக்கம் ஒரு பெயர்: 127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட். # குறிக்குப் பின்னால் எழுதியதைக் கணினி கண்டுகொள்ளாது. அவ்வளவுதான் இலக்கணம். பிரௌசரில் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், டிஎன்எஸ் சர்வரிடம் கேட்பதற்கு முன் கணினி பொதுவாக இந்தக் கோப்பில் உள்ளதைத்தான் பார்க்கிறது. பெயர் இங்கே இருந்துவிட்டால் வெளியே கேட்பதில்லை. உலகத்துக்கே பொதுவான பெயர்ப் பதிவாக டிஎன்எஸ் இருக்கும்போது, யாரோ கையால் திருத்திய நாலு வரிக்கு எதற்கு இந்த முதல் மரியாதை? ‘பழைய காலத்து மிச்சம்’ என்பது வழக்கமான பதில். அது போதவில்லை என்பதால்தான் இந்தக் கோப்பின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன்.

முதல் துப்பு கோப்புறையிலேயே இருக்கிறது. ஈடிசி என்பது யூனிக்ஸ் வழக்கம். 1983-இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் இதே பெயரில் இந்தக் கோப்பு இருந்தது. கூடவே இரண்டு கருவிகளும் வந்தன. ‘கெட்டேபிள்’ என்பது கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ நிறுவனம் நடத்திய தகவல் மையத்திலிருந்து கணினிகளின் பெயர்ப் பட்டியலை இறக்கும். ‘எச்டேபிள்’ அதை ஹோஸ்ட்ஸ் கோப்பாக மாற்றும். மையத்தின் தலைவர் எலிசபெத் ஃபைன்லர். புதிதாகச் சேரும் கணினியின் பெயரும் முகவரியும் அவருடைய குழுவுக்கு வரும், பட்டியலில் ஏறும், பிறகு எல்லோரும் நகல் எடுத்துக்கொள்வார்கள். இதோடு நிறுத்தினால் ‘மிச்சம்’ என்ற பதில் சரிதான். ஆனால் எச்டேபிளின் கையேட்டுப் பக்கம் இன்னொன்றும் சொல்கிறது: ‘லோக்கல்ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பு உடன் இருந்தால், அதில் உள்ளதை மையப் பட்டியலுக்கு முன்னால் அது சேர்த்துவிடும். மையத்தின் நகலிலேயே உள்ளூர்க்காரர் எழுதியதற்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

மையப் பட்டியலுக்கும் முந்தைய நிலை இதைவிடத் தெளிவு. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் ஒவ்வொரு இடமும் மற்றக் கணினிகளுக்குத் தன் விருப்பப்படி பெயர் வைத்திருந்தது. அதைச் சீராக்கச் சொல்லி 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் எழுதியதுதான் ஆர்எஃப்சி 226 என்ற ஆவணம். ஆளுக்கொரு பட்டியல், அதுவும் பெரும்பாலும் காலாவதியானது என்று சலித்துக்கொண்டு, 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் அதிகாரபூர்வமான ஒரே பட்டியலைக் கேட்டார். 1974 ஜனவரியில் மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆக, மூத்தது உள்ளூர்ப் பட்டியல். மையப் பட்டியல் பிறகு வந்து சேர்ந்தது. அது போனதற்கும் காரணம் தெளிவு. கணினிகள் பெருகினால் பட்டியல் நீளும், அதை இறக்குவோரும் பெருகுவார்கள். கணினிகள் இருமடங்கானால் சுமை இருமடங்காகாமல் நான்கு மடங்காகும். 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் முன்வைத்த டிஎன்எஸ் இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. அதனால் வேலை இழந்தது மையப் பட்டியல், உள்ளூர்க் கோப்பு அல்ல.

மூத்தது என்பதாலேயே முதலிடம் கிடைத்துவிடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை அடுத்த பதிப்பில் இருக்கிறது. 1986-இல் வந்த பெர்க்லி 4.3, பெயர் சர்வர் ஓடாதபோது மட்டுமே ஹோஸ்ட்ஸ் கோப்பைப் புரட்டியது. அதாவது கோப்பு அப்போது கடைசி வரிசைக்குப் போய்விட்டது. வெறும் மிச்சமாக இருந்திருந்தால் அங்கேயே மங்கியிருக்கும். ஆனால் இன்றைய லினக்ஸ் கணினிகளில் தேடல் வரிசையைச் சொல்லும் அமைப்புக் கோப்பில் பொதுவாக ‘ஃபைல்ஸ்’ முதலிலும் ‘டிஎன்எஸ்’ பிறகும் இருக்கின்றன. பின்னே தள்ளிய ஒன்றை மறுபடி முன்னே வைப்பது பழக்கதோஷம் ஆகாது. யோசித்துச் செய்த தேர்வு.

பாதுகாப்பைக் காட்டி இந்த முதலிடத்தை மறுப்பவர்களிடமும் வலுவான சான்று உண்டு. 2004-இல் பரவிய மைடூம் வைரஸின் இரண்டாம் வடிவம், வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களை எட்ட முடியாதபடி இந்தக் கோப்பில் வரிகளை எழுதியது. ஆனால் இதைத் திருத்த நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமை வைரஸின் கைக்குப் போனபின் டிஎன்எஸ் அமைப்பையே மாற்றலாம். கோப்பை நீக்கினால் பறிபோவது உரிமையாளரின் வசதி மட்டுமே. அந்த வசதி அற்பமானதும் அல்ல. புது சர்வருக்கு மாறும் தளத்தை ஊருக்குத் திறப்பதற்கு முன், தன் கணினியில் மட்டும் அதே பெயரில் சோதித்துப் பார்க்க ஒரு வரி போதும். நேற்று வந்த கன்டெய்னர் கருவிகளான டாக்கரும் குபெர்னெடீஸும்கூடத் தாங்கள் இயக்கும் கன்டெய்னர்களில் இந்தக் கோப்பைத் தாங்களே எழுதி வைக்கின்றன. நூறு கணினிகளை இதைக் கொண்டு நிர்வகிக்க முடியாது என்பது உண்மைதான். அது குறையல்ல, இந்த அதிகாரத்துக்குப் போட்ட வேலி. இங்கே எழுதும் வரி அடுத்த மேசைக் கணினியைக்கூடத் தொடாது என்பதால்தான், உலகப் பதிவை மீறும் உரிமையை இதற்குத் தைரியமாகக் கொடுக்க முடிகிறது.