நிறுத்தி வைக்காத வண்டி

எங்கள் தெருவில் கார் என்றால் அம்பாசடர், இல்லாவிட்டால் பியட். அப்பா வைத்திருந்தது மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை பெருங்களத்தூர் ஆலையில் 1961-ல் செய்ய ஆரம்பித்து 1971-ல் நிறுத்திவிட்டார்கள். நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் உண்டு. எங்களுடையது அந்த வகை, வெளிர்நீலம்.

எனக்கு விவரம் தெரிந்தபோதே அது பழைய வண்டி. 1983 கடைசியில் மாருதி வந்தது. எங்கள் சங்கரன்கோவிலிலும் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். "அண்ணாச்சி, இன்னும் இதை வச்சு ஏன் மல்லுக்கட்டுதிய? ஒரு மாருதி எடுங்களேன்" என்று பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் சொன்னால், "அதுல நூல் மூட்டையை எங்க வே வைக்க?" என்று கேட்டுவிட்டு அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊருக்கு வெளியே எங்களுக்குச் சில விசைத்தறிகள் இருந்தன. காலையில் தறிக்கொட்டகை, பிறகு நூல் எடுக்க ராஜபாளையம், சாயங்காலம் கடைவீதி. எல்லாவற்றுக்கும் அந்த ஹெரால்டுதான்.

விடிந்ததும் அப்பா பானட்டைத் திறப்பதைப் பார்க்கவே நான் எழுந்து வருவேன். இரண்டு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்தால், மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து வண்டியின் முன்பாதி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து எழும்பும். சக்கரம், ஸ்டியரிங் கம்பி, 948 சிசி இன்ஜின் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். நான் முன்டயர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அப்பா டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என்னிடம் காட்டுவார். எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நான் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர், பேட்டரித் தலையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி, பேன் பெல்ட்டின் இழுவை என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பொருளை அவ்வளவு கவனமாகப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் அடியில் ஒரு பித்தளை முட்டு உண்டு. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே இறுகி, மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அப்பா குறுக்கே போய் நின்றுவிடுவார். அந்த ஒரு வேலையை மட்டும் வேறு யார் கையிலும் விட்டதில்லை.

அந்த வண்டி திரும்புகிற அழகைச் சொல்லாமல் முடியாது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். ரதவீதியிலிருந்து எங்கள் சந்துக்குள் நுழைய அம்பாசடர்காரர்கள் முன்னும் பின்னுமாக எடுத்துத் திணறுவார்கள். அப்பா ஒரே ஒடிப்பில் உள்ளே வந்து நிற்பார். பூக்கூடைக்காரிகள் நகர வேண்டிய அவசியமே வராது.

ராஜபாளையம் ரோட்டில் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டும்போது இடதுபக்கம் மலை கூடவே வரும். திரும்பி வருகையில் நூல் பாரத்தில் பின்பக்கம் தணிந்து, பின்சக்கரங்களின் தலை இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். பின்னால் ஒரே ஒரு பட்டைவில்தான், குறுக்காக. பாரம் ஏறினால் அச்சு அப்படித்தான் மடங்கும். பார்க்கிறவர்கள் வண்டி ஒடியப்போகிறது என்று கைகாட்டுவார்கள். அப்பா சிரித்தபடி கையசைத்துவிட்டுப் போவார்.

சாமான்தான் பெரும்பாடு. ஹெரால்டுக்குப் பின்னால் வந்த கெஸலுக்கும் அதே இன்ஜின் என்பதால் அதன் சாமான் சேரும். ஊரில் எதுவும் கிடைக்காதபோது அப்பா கொல்லம் மெயிலில் ஏறிவிடுவார். எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடக்கிற தூரம். மறுநாள் மஞ்சப்பையில் கேஸ்கட்டும் பிரேக் வாஷர்களும் வரும். எங்களுக்கு அல்வா வரும் என்று காத்திருந்த தங்கைக்கு அழுகை வரும்.

ஒரு வருடம் எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வண்டி வீட்டிலேயே மாட்டிக்கொண்டது. கொடியேறிவிட்டால் ரதவீதிகளில் கடைகளும் ஜனமும்தான். தபசிருந்த கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற அன்று, தெற்கு ரதவீதியில் கால்வைக்க இடமிருக்காது. சம்சாரிகள் பருத்தி, வத்தல் என்று தங்கள் விளைச்சலைச் சூறை விடுவார்கள். திருவிழா முடிந்து சாவியைத் திருகினால் செல்ஃப் முனகிவிட்டு நின்றது. பேட்டரி இறங்கியிருந்தது. கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றியிருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டபடியே சாரலில் நின்றதில் பின்டிரம் துருவேறிப் பிடித்துக்கொண்டது. தறிக்காரர்கள் வந்து தள்ளியும் அசையவில்லை. "நிக்க வண்டிதாம்ல கெட்டுப்போவும். ஓடுத வண்டிக்கு ஒண்ணும் வராது" என்றார் அப்பா, டிரம்மைத் தட்டிக்கொண்டே.

பழைய கார்களைப் போர்வை போட்டு மூடி, கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுப்பவர்களிடம் இதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்களின் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரப்பரும் எண்ணெயும் பெட்ரோலும் அசைவில்தான் நல்லபடி இருக்கின்றன.

மறுவருடம் கொடியேற்றத்துக்கு முந்தின நாளே அப்பா ஹெரால்டைத் தறிக்கொட்டகையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். திருவிழா முடிகிறவரை, தினமும் விடியக்காலையில் கூட்டத்துக்குள் நடந்தே போய், பானட்டைத் திறந்து எண்ணெய் பார்த்து, கரிவலம்வந்தநல்லூர் வரையாவது ஓட்டிவிட்டுத்தான் தறியைப் போடுவார்.